சிங்க்கில் தொலைந்த வம்சாவளி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரே குடும்ப மரம் சென்னையில் ஒரு லேப்டாப்பிலும், டொரண்டோவில் இருக்கும் தம்பியின் மேக்கிலும், அப்பாவின் போனிலும் இருக்கிறது. நடுவில் ஒரு கிளவுட் கணக்கு, மூன்றையும் ஒரே மாதிரி வைத்திருக்கும் சிங்க் அதன் வழியாக ஓடுகிறது. ஒருநாள் திறந்து பார்த்தால் அம்மா வழியில் ஒரு கிளை முழுதாக இல்லை, அல்லது பெயர்கள் இருக்கின்றன, படங்கள் இல்லை. இந்த நிலையில் இருப்பவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் இவை. இப்போதே அவசரத்தில் இருப்பவர்கள் முதல் இரண்டு பதில்களைப் படித்துவிட்டு வேலையைப் பாருங்கள். மீதி ஓடிவிடாது.

நேற்று இருந்த பெயர்கள் இன்று இல்லை. முதலில் என்ன செய்வது?

நெட்டை நிறுத்துங்கள், எல்லாக் கருவிகளிலும். லேப்டாப்பில் வைஃபையை அணையுங்கள், போனில் ஏரோப்ளேன் மோடு போடுங்கள், வெளியூரில் இருப்பவர்களுக்குப் போன் செய்து அவர்களையும் அதையே செய்யச் சொல்லுங்கள்.

பிறகு, சிங்க் ஆகாமல் பழைய நிலையிலேயே நிற்கும் கருவி ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள். மாதக்கணக்காகத் திறக்காத லேப்டாப், மேஜை டிராயரில் கிடக்கும் டேப்லெட், மாமாவிடம் கொடுத்த பழைய போன். அதில் உங்கள் மரம் முழுதாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஆனால் அதை ஆன் செய்வதற்கு முன் வீட்டு ரவுட்டரை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஆன் ஆன கையோடு தெரிந்த வைஃபையில் தானாகச் சேர்ந்து, புதிய நிலையை இழுத்துக்கொண்டு, இருந்த நல்ல பிரதியையும் அழித்துவிடும். திறந்ததும் ஃபைலைப் பென்டிரைவில் நகல் எடுங்கள். பார்ப்பது, சரிசெய்வது எல்லாம் அதன் பிறகு.

கெட்டுப்போன ஃபைலையும் தூக்கிப் போடாமல் தனி நகலாக வையுங்கள். பழைய பிரதியில் இல்லாத கடைசி மாதத்துச் சேர்க்கைகள் அதில்தான் இருக்கும்.

கைவைக்கக் கூடாதவையும் உண்டு: மென்பொருளை நீக்கி மறுபடி நிறுவுவது, கணக்கிலிருந்து லாக் அவுட் செய்வது, ரீசெட் கொடுப்பது. 2023 நவம்பரில் கணினிக்கான கூகுள் டிரைவ் செயலியின் 84ஆம் பதிப்பில் ஒரு கோளாறு வந்து பலருடைய ஃபைல்கள் காணாமல் போயின. அப்போது கூகுள் சொன்ன முதல் அறிவுரையே கணக்கைத் துண்டிக்காதீர்கள், செயலியின் டேட்டா ஃபோல்டரை அழிக்காதீர்கள் என்பதுதான். மேலே ஏறாமல் தேங்கிப்போன ஃபைல்கள் அந்த ஃபோல்டரில்தான் இருந்தன. டிசம்பரில் வந்த 85ஆம் பதிப்பின் மீட்புக் கருவி அங்கிருந்துதான் அவற்றை எடுத்துக் கொடுத்தது. பதற்றத்தில் எல்லாவற்றையும் நீக்கி நிறுவியவர்களுக்கு மீட்க எதுவும் மிஞ்சியிருக்காது.

கிளவுடில் பழைய பிரதி எத்தனை நாள் இருக்கும்?

மரத்தோடு சிங்க் ஆகாத வேறொரு கருவியில், பிரவுசர் வழியாகக் கணக்கைத் திறந்து இரண்டு இடங்களைப் பாருங்கள்: குப்பைத்தொட்டி, மற்றும் அந்த ஃபைலின் முந்தைய பதிப்புகள். இரண்டும் வேறு வேறு. ஃபைலே நீக்கப்பட்டிருந்தால் முதலாவது உதவும். ஃபைல் இருக்கிறது, உள்ளே ஆட்கள்தான் இல்லை என்றால் இரண்டாவது. குப்பைத்தொட்டியை மட்டும் பார்த்துவிட்டு எல்லாம் போயிற்று என்று உட்கார்ந்துவிடுபவர்கள் நிறையப் பேர்.

கூகுள் டிரைவ் குப்பைத்தொட்டி 30 நாள். கூகுள் டாக்ஸ், ஷீட்ஸ் அல்லாத ஃபைல்களின் பழைய பதிப்புகளும் 30 நாள் அல்லது 100 பதிப்புகள் வரைதான். "என்றைக்கும் வைத்திரு" என்று ஒவ்வொரு பதிப்புக்கும் ஒரு தேர்வு உண்டு, அதை யாரும் தொடுவதில்லை. தனிநபர் ஒன்டிரைவில் குப்பைத்தொட்டி 30 நாள், பதிப்புகள் கடைசி 25. டிராப்பாக்ஸின் இலவசக் கணக்கில் இரண்டும் 30 நாள். ஐகிளவுட் டிரைவில் நீக்கியவை 30 நாள். கூகுள் போட்டோஸில் பேக்கப் ஆன படங்கள் 60 நாள், ஆகாதவை 30 நாள்.

ஆபீஸ் ஃபைலைத் தினமும் திறப்போம், இழப்பு மறுநாளே தெரியும். குடும்ப மரம் அப்படியில்லை. குலதெய்வக் கோயிலுக்குப் போகும் மாதத்தில் ஒருமுறை, யாராவது கல்யாணப் பேச்சு எடுக்கும்போது ஒருமுறை திறக்கிறோம். அதற்குள் 30 நாள் எப்போதோ கழிந்திருக்கும். வம்சாவளி விஷயத்தில் கிளவுடின் இந்தக் கெடுக்கள் நம்மைக் காப்பாற்றுவது அபூர்வம்.

சிங்க் ஆன் செய்துதானே வைத்திருந்தேன்? அது பேக்கப் இல்லையா?

இல்லை. எல்லாக் கருவிகளும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பது மட்டுமே சிங்க்கின் வேலை. பெரியப்பாவைச் சேர்த்தாலும் அது ஒரு மாற்றம், நீக்கினாலும் அது ஒரு மாற்றம். இரண்டையும் ஒரே விசுவாசத்தோடு எல்லா இடத்துக்கும் கொண்டுபோகும். அழித்தது கைதவறியா, கோளாறாலா, நாலு வயதுப் பேத்தியாலா என்று கேட்காது. பேக்கப் என்றால் இன்றைய மாற்றம் தொட முடியாத இடத்தில் நேற்றைய நிலை இருக்க வேண்டும்.

ரூட்ஸ்மேஜிக், கிராம்ப்ஸ் போன்ற குடும்ப மர மென்பொருளின் ஃபைலை டிராப்பாக்ஸில் வைத்து இரண்டு கணினியில் பயன்படுத்தினால் என்ன?

பெரும்பாலான இழப்புகள் இங்கேதான் நடக்கின்றன, கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ரூட்ஸ்மேஜிக்கின் மரம் ஒரு எஸ்கியூலைட் தரவுத்தளம். கிராம்ப்ஸின் புதிய பதிப்புகளும் அதையே பயன்படுத்துகின்றன. ஆயிரம் பேர் இருந்தாலும் பெயர், தேதி, உறவு எல்லாம் ஒரே ஃபைலுக்குள். நீங்கள் ஒரு திருமணத் தேதியைச் சேர்க்கும்போது மென்பொருள் அந்த ஃபைலின் பல பக்கங்களைத் தொடுகிறது. நடுவில் மின்சாரம் போனால் பழைய நிலைக்குத் திரும்பப் பக்கத்திலேயே ஒரு தற்காலிகத் துணைஃபைலும் எழுதிக்கொள்கிறது. வேலை முடிந்தால்தான் இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தும்.

சிங்க் செயலிக்கு இது எதுவும் தெரியாது. ஃபைல் மாறியது, உடனே மேலே ஏற்று, அவ்வளவுதான் அதன் அறிவு. மொய் எழுதுபவர் பாதி வரியில் இருக்கும்போது நோட்டைப் பிடுங்கி ஜெராக்ஸ் எடுத்தால் ஆள் பெயர் இருக்கும், தொகை இருக்காது. அதே கதைதான். முதன்மை ஃபைல் மட்டும் ஏறி, துணைஃபைல் ஏறாமலோ தாமதமாகவோ போனால், அந்தப் பக்கம் திறப்பவருக்குத் தரவுத்தளம் சேதம் என்று செய்தி வரலாம். அதைவிட மோசம், எந்தச் செய்தியும் இல்லாமல் சில பேர் மட்டும் குறைவாகத் திறந்துகொள்வது. ஃபைலைப் பாதி எழுதும் நேரத்தில் நகலெடுப்பதும், துணைஃபைலைப் பிரிப்பதும் தரவுத்தளத்தைக் கெடுக்கும் வழிகள் என்று எஸ்கியூலைட் உருவாக்கியவர்களே தங்கள் ஆவணத்தில் பட்டியல் போட்டிருக்கிறார்கள்.

இரண்டாவது ஆபத்து, இருவரும் ஒரே நேரத்தில் திறப்பது. மென்பொருள் போடும் பூட்டு அந்தக் கணினிக்குள் மட்டுமே செல்லும். டொரண்டோவில் தம்பி திறந்திருப்பது சென்னையில் தெரியாது. கடைசியாக மூடியவரின் ஃபைல் நிற்கும், அல்லது இரண்டு ஃபைல்கள் உண்டாகும்.

சிங்க் ஃபோல்டரில்தான் வைப்பேன் என்று பிடிவாதம் பிடிப்பவர்களுக்கு: ஒரு நேரத்தில் ஒருவர், வேலை முடிந்ததும் மென்பொருளை முழுதாக மூடி, சிங்க் முடிந்த டிக் வரும்வரை காத்திருந்து, அப்புறம் லேப்டாப்பை மூடுவது. சொல்வது சுலபம். குடும்பத்தில் இதை ஒழுங்காகச் செய்யும் ஆள் ஒருவர்கூட இருக்க மாட்டார் என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள்.

ஒரே மரம் இப்போது இரண்டு ஃபைலாக நிற்கிறது. ஒன்றில் சித்தி குடும்பம் இருக்கிறது, இன்னொன்றில் தாத்தாவின் தம்பிகள். எப்படிச் சேர்ப்பது?

இரண்டு பேர் ஒரே ஃபைலை மாற்றியதால் வரும் முரண்பாட்டுப் பிரதி இது. டிராப்பாக்ஸ் அதை முரண்பட்ட நகல் என்று பெயரிலேயே எழுதும், ஒன்டிரைவ் கணினியின் பெயரை ஒட்டும், வேறு சில 1, 2 என்று எண் போடும். குப்பை என்று நினைத்து எதையும் நீக்காதீர்கள்.

ஒன்றை முழுவதுமாக இன்னொன்றுக்குள் இறக்குமதி செய்து, தானியங்கி இணைப்பை ஓட்டிவிடலாம் என்று தோன்றும். தமிழ்க் குடும்பங்களில் அது ஆபத்து. பேரனுக்குத் தாத்தா பெயர் வைக்கும் வழக்கத்தால், ஒரே ஊரில், ஒரே பெயரில், ஒரே முதலெழுத்தோடுகூட ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை ஆட்கள் இருப்பார்கள். பிறந்த ஆண்டும் எழுதவில்லை என்றால் 1890களில் பிறந்த சுப்பையாவையும் 1950களில் பிறந்த சுப்பையாவையும் ஒருவராக்கலாமா என்று மென்பொருள் கேட்கும். நீங்களும் அசதியில் ஆம் என்பீர்கள். மாமன் மகளை, அக்கா மகளைக் கட்டிய வீடுகளில் இன்னொரு குழப்பம்: ஒரே பெண் மகள் வழியாகவும் வருவார், மருமகளாகவும் வருவார். மரத்தில் இரண்டு இடத்தில் தெரிவதால் இரட்டைப் பதிவு என்று நினைத்து ஒன்றை நீக்குகிறார்கள். மென்பொருளுக்கு அவர் ஒரே ஆள்தான், நீக்கினால் இரண்டு இடத்திலும் போய்விடுவார்.

ஆகவே கைவேலைதான். அதிகம் பேர் இருக்கும் ஃபைலை அடிப்படையாக வைத்து, மற்றதில் கடைசியாக மாற்றிய தேதிப்படி பட்டியல் எடுத்து (பல மென்பொருள்களில் இந்த வசதி உண்டு), புதியவர்களை மட்டும் ஒருவர் ஒருவராகச் சேருங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை போகும்.

எக்செலில்தான் எழுதி வைத்திருக்கிறேன். எல்லாப் பிறந்த தேதியும் மாறிக் கிடக்கிறது. இது வைரஸா?

யாரோ ஒருவர் போனில் திறந்து, பெயர் நெடுவரிசையை மட்டும் அகரவரிசைப்படுத்தியிருக்கிறார். பெயர்கள் நகர்ந்தன, பக்கத்திலிருந்த தேதிகளும் தந்தை பெயர்களும் நகரவில்லை. ஒன்டிரைவில் உள்ள எக்செலுக்கும் கூகுள் ஷீட்ஸுக்கும் தானாகச் சேமிக்கும் பழக்கம் இருப்பதால், சேமிக்கவா என்ற கேள்விகூட வராமல் அந்தக் குழப்பம் எல்லோரிடமும் போய்விட்டது. பதிப்பு வரலாற்றில் போய் அதற்கு முந்தைய நிலையை எடுங்கள். ஷீட்ஸ் என்றால் யார், எந்த நேரத்தில் மாற்றினார் என்பதும் தெரியும். பெயரைக் கண்டுபிடித்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டாம், பார்க்க மட்டும் உரிமை கொடுத்தால் போதும்.

பெயர்கள் எல்லாம் இருக்கின்றன, படங்கள் மட்டும் வரவில்லை. படங்கள் போய்விட்டனவா?

பெரும்பாலும் போகவில்லை, இணைப்பு அறுந்திருக்கிறது. பல மென்பொருள்கள் படத்தைத் தமக்குள் வைத்துக்கொள்வதில்லை, எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்ற பாதையை மட்டும் குறித்துக்கொள்ளும். வேறு கணினியில் அந்தப் பாதை இல்லை என்றால் காலிச் சட்டம்தான். ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்கு மரத்தைக் கொண்டுபோக உதவும் ஜெட்காம் ஃபைலும் இப்படித்தான். இன்றும் பரவலாக எழுதப்படும் 5.5.1 பதிப்பில் படத்தின் பாதை மட்டுமே போகும். 2021இல் வந்த 7.0 பதிப்பில் படங்களையும் சேர்த்துச் சுருட்டும் ஜெட்ஜிப் உண்டு, ஆனால் உங்கள் மென்பொருள் அதைப் புரிந்துகொள்ள வேண்டும்.

ஜெட்காம் எடுக்கும்போது எழுத்துமுறை யூடிஎஃப்-8 என்று இருக்கிறதா பாருங்கள். ஆன்செல் அல்லது ஆன்சி என்ற பழைய எழுத்துமுறைகள் இருந்தால் தமிழ்ப் பெயர்கள் எல்லாம் கேள்விக்குறிகளாகிவிடும். கேள்விக்குறியிலிருந்து பெயரை மீட்க வழியே கிடையாது.

தமிழில் பெயரிட்ட படங்களுக்கு மட்டும் வரும் ஒரு வியாதியும் இருக்கிறது. ஒகர, ஓகார, ஔகார உயிர்மெய்யின் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், இரண்டு பாதிகளாகப் பிரித்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. பழைய மேக்குகளின் எச்எஃப்எஸ் பிளஸ் கோப்புமுறை எப்போதும் பிரித்தே எழுதும், விண்டோஸ் கொடுத்ததை அப்படியே வைத்துக்கொள்ளும். அதனால் பொன்னம்மாள் பாட்டியின் படம் மேக்குக்குப் போய்த் திரும்பினால், பெயர் அதேதான், ஆனால் விண்டோஸுக்கு அது வேறு ஃபைல். மரத்தில் படம் வராது. சில நேரம் ஒரே பெயரில் இரண்டு ஃபைல்கள் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும், நமக்குத்தான் பைத்தியம் பிடிக்கும். மீனாட்சி, கருப்பையா படங்கள் சரியாக வந்து, பொன்னம்மாளும் சோமுவும் கோமதியும் மட்டும் வராவிட்டால் இதுதான் காரணம்.

நீளமும் ஒரு தொல்லை. லினக்ஸிலும் ஆண்ட்ராய்டிலும் ஃபைல் பெயர் 255 பைட்டைத் தாண்டக் கூடாது. தமிழில் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட். மீனாட்சிசுந்தரம் என்ற ஒரு பெயருக்கே 48 பைட் ஆகிவிடும். படத்தில் நிற்கும் எல்லோர் பெயரையும் ஃபைல் பெயரில் எழுதினால் அது சிங்க் ஆகாமல் நின்றுவிடும், பல செயலிகள் அதைச் சத்தம் போட்டுச் சொல்வதுமில்லை. ஃபைல் பெயரை எண்களிலோ ஆங்கில எழுத்திலோ குட்டையாக வைத்து, தமிழ் விவரத்தை மரத்துக்குள் எழுதுங்கள். தமிழில் பெயர் வைக்காதே என்று சொல்ல எனக்கும் பிடிக்கவில்லைதான்.

ஃபைல் டெஸ்க்டாப்பிலேயே இருந்தது. இப்போது டெஸ்க்டாப்பே காலி.

ஒன்டிரைவ் டெஸ்க்டாப்பையும் டாக்குமென்ட்ஸையும் தன் ஃபோல்டருக்குள் இழுத்துக்கொண்டிருக்கும். பிறகு யாரோ அந்த வசதியை நிறுத்தியதால், ஃபைல்கள் ஒன்டிரைவ் ஃபோல்டரிலேயே தங்கிவிட்டன. அங்கே போய்ப் பாருங்கள். மேகச் சின்னத்தோடு இருந்தால் அது பெயர்ப்பலகை மட்டும், சரக்கு சர்வரில் இருக்கிறது. பென்டிரைவில் நகல் எடுக்கும் முன் வலது கிளிக் செய்து எப்போதும் இந்தக் கருவியில் வை என்று கொடுத்து, முழுதாக இறங்க விடுங்கள்.

போனில் இடம் இல்லை என்று படங்களை நீக்கினேன். கூகுள் போட்டோஸிலும் போய்விட்டன. ஏன்?

கூகுள் போட்டோஸ் செயலிக்குள் ஒரு படத்தை நீக்கினால் போனிலும் போகும், கிளவுடிலும் போகும். போனில் மட்டும் இடம் காலி செய்ய அதற்கென்றே தனிப் பட்டன் இருக்கிறது. 60 நாளுக்குள் என்றால் குப்பைத்தொட்டியில் கிடைக்கும். ஐபோனிலும் ஐகிளவுட் போட்டோஸ் ஆன் ஆகியிருந்தால் இதே கதை, அங்கே கெடு 30 நாள்.

பாட்டி பேசிய வாய்ஸ் மெசேஜ்கள் வாட்ஸ்அப்பில் இருந்தன. புதுப் போன் மாற்றியதும் இல்லை.

ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் பேக்கப் கூகுள் கணக்குக்குப் போகும், ஐபோனில் ஐகிளவுடுக்கு. ஒன்றின் பேக்கப்பை மற்றதில் திறக்க முடியாது. ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்கு மாறினால் அதற்கான மாற்றும் முறையைத் தொடக்கத்திலேயே செய்ய வேண்டும். ஒரே வகைப் போன் என்றாலும், நிறுவும்போது மீட்கவா என்று கேட்பதைத் தவிர்த்துவிட்டால், அடுத்த பேக்கப் வெறும் பெட்டியை எடுத்துப் பழையதன் மேல் எழுதிவிடும். எனவே புதுப் போனில் பேக்கப்பை உடனே நிறுத்துங்கள். பழைய போன் கையில் இருந்தால் அதை ரீசெட் செய்யாதீர்கள், விற்காதீர்கள். ஆண்ட்ராய்டு என்றால் கடைசி சில நாட்களின் பேக்கப் போனுக்குள்ளேயேகூட இருக்கும்.

வயதானவர் குரல் வந்த அன்றே அந்தச் செய்தியை வாட்ஸ்அப்புக்கு வெளியே ஒரு ஃபோல்டரில் சேமித்து, யார், யாரைப் பற்றி, எந்த ஆண்டு என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். தேதியை மறுபடி கேட்டுக்கொள்ளலாம், வேறு யாராவது சொல்வார்கள். இந்தக் குரலை யாரும் திருப்பித் தர முடியாது.

மென்பொருளே தரும் சிங்க் என்றால் நம்பலாமா?

டிராப்பாக்ஸில் ஃபைலைப் போடுவதைவிட நிச்சயம் மேல். அது முழு ஃபைலையும் தூக்கிப் போடாமல், எந்த ஆள், எந்தத் தேதி மாறியது என்று பார்த்து அனுப்பும். மேக்ஃபேமிலிட்ரீ ஐகிளவுட் வழியாகச் செய்வது அப்படித்தான். ஆனால் அதற்கும் ஆயுள் உண்டு. ஃபேமிலி ட்ரீ மேக்கர் என்ற மென்பொருளை நிறுத்தப்போவதாக அதை விற்றுவந்த ஆன்செஸ்ட்ரி நிறுவனம் 2015 டிசம்பரில் அறிவித்தது. 2016இல் மேக்கீவ் நிறுவனம் அதை வாங்கிக்கொண்டது. 2017 மார்ச்சில் அதன் பழைய சிங்க் வசதியான ட்ரீசிங்க் நின்றது, ஃபேமிலிசிங்க் என்று வேறொன்று வந்தது. கணினியில் முழுப் பிரதி வைத்திருந்தவர்களுக்குப் பாதகமில்லை. சிங்க் நின்றாலும் மரம் நிற்கிற மாதிரி இருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளி இணையதளத்தில் நான் ஏற்றியவர்களை அண்ணன் கணக்கில் காணோம்.

உயிரோடு இருப்பவர்களை அங்கே பொதுவில் காட்ட மாட்டார்கள், ஏற்றியவரின் தனி இடத்தில் இருப்பார்கள். அது இழப்பில்லை. இறந்தவர்கள் காணவில்லை என்றால் யாரோ மாற்றியிருக்கிறார்கள். ஃபேமிலிசர்ச்சிலும், 2012இல் மைஹெரிடேஜ் நிறுவனம் வாங்கிய ஜெனி தளத்திலும் உலகத்துக்கே ஒரே மரம், உங்கள் கொள்ளுத்தாத்தாவை முகம் தெரியாத ஒருவரும் திருத்தலாம். ஃபேமிலிசர்ச்சில் ஒவ்வொருவருக்கும் மாற்றப் பட்டியல் இருக்கிறது, அதிலிருந்து பழையதைத் திருப்பலாம். உறவினர் தேட நல்ல இடங்கள்தான், ஆனால் மூலப் பிரதியை அங்கே வைக்க மாட்டேன்.

பழைய ஃபைலைத் திறந்தால் ஆங்கில எழுத்துகளாகக் கொட்டுகிறது. கெட்டுவிட்டதா?

பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டியது. புதுக் கணினியில் அந்த எழுத்துரு இல்லை, அவ்வளவுதான். யூனிகோடு மாற்றியில் போட்டால் திரும்பிவிடும். இலங்கைத் தமிழர்கள் வெளிநாடுகளில் 1990களிலும் 2000களிலும் தட்டி வைத்த குடும்பக் குறிப்புகள் நிறைய இந்த நிலையில் இருக்கின்றன, குப்பை என்று அழித்துவிடாதீர்கள்.

அப்பா காலமாகிவிட்டார். எல்லாம் அவர் கணக்கில் இருக்கிறது.

கடவுச்சொல் தெரிந்தால் இப்போதே எல்லாவற்றையும் இறக்கிக்கொள்ளுங்கள். இரண்டு ஆண்டு பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளை நீக்கும் கொள்கையைக் கூகுள் 2023 டிசம்பரிலிருந்து நடைமுறைப்படுத்துகிறது. இருக்கும்போதே செய்ய வேண்டியது: கூகுளின் செயலற்ற கணக்கு மேலாளரில் யாருக்கு என்ன போக வேண்டும் என்று குறிக்கலாம், 10 பேர் வரை. ஆப்பிளில் ஐஓஎஸ் 15.2 முதல் மரபுத் தொடர்பாளரை, அதாவது நமக்குப் பிறகு கணக்கைத் திறக்கக்கூடியவரை, நியமிக்கலாம். வீட்டுப் பெரியவர்களிடம் இதைப் பேச எடுத்தால் அபசகுனம் என்பார்கள். பேங்க் நாமினி எழுதுகிற அன்றைக்கே சேர்த்து எழுதிவிட்டால் பேச்சு வராது.

சரி, எப்படித்தான் வைத்துக்கொள்வது?

எழுதுபவர் ஒருவர், எழுதும் கணினி ஒன்று. சிங்க் ஆகாத ஃபோல்டரில் மூலப் பிரதி. மற்றவர்கள் பார்க்கலாம், திருத்தம் இருந்தால் அவருக்கு அனுப்பலாம். இது ஜனநாயகமில்லை என்று தம்பி கோபிப்பார், கோபிக்கட்டும். எழுதுபவர் ஒவ்வொரு முறை வேலை முடித்ததும் மென்பொருளின் சொந்த பேக்கப்பைப் படங்களோடு எடுத்து (கிராம்ப்ஸில் படங்களோடு சேர்ந்த பொதி தனியாகவே உண்டு), பெயரில் தேதி போட்டுக் கிளவுடில் வைக்கட்டும். மூடிய ஜிப் ஃபைலை யாரும் திறந்து எழுதுவதில்லை, அதனால் அதை டிராப்பாக்ஸிலோ டிரைவிலோ தாராளமாகப் போடலாம். பழையதன் மேல் எழுதக் கூடாது.

பொங்கலுக்கும் ஆடிக்கும் ஒருமுறை அந்த ஜிப்பையும் ஒரு ஜெட்காமையும் வெளி ஹார்ட்டிஸ்கில் போட்டு, வேறு ஊரில் இருக்கும் ஒருவரிடம் கொடுங்கள். கொடுப்பதற்கு முன் அந்தப் பேக்கப்பை வேறொரு கணினியில் ஒருமுறை திறந்து, மொத்தம் எத்தனை பேர் என்ற எண்ணிக்கை சரியா, பொன்னம்மாள் பாட்டி படத்தோடு வருகிறாரா என்று பாருங்கள். அந்த எண்ணிக்கையை டிஸ்கின் மேலேயே மார்க்கரில் எழுதி ஒட்டிவிடலாம். அடுத்த முறை எண் குறைந்திருந்தால், கிளவுடின் 30 நாள் முடிந்திருந்தாலும், பழைய பிரதி அவரிடம் இருக்கும்.